குலாஸ் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும்

எங்கள் புக்கல் கிராமத்தில் சண்டை சச்சரவே கிடையாது. இதை நான் சொல்லவில்லை, ஊர்ச்சபைக் கட்டட வாசலில் கப்பித்தான் ரொமுவால்டோவின் சிரித்த முகத்தோடு தொங்குகிற பிளெக்ஸ் சொல்கிறது. ‘சமரசம் நூற்றுக்கு நூறு’ என்று அவருடைய பல்வரிசைக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஊர்ச்சபைத் தலைவரை நாங்கள் கப்பித்தான் என்றுதான் கூப்பிடுவோம். கப்பல் கிப்பல் ஒன்றும் கிடையாது. அப்படிக் கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் எனக்கொரு தகராறு வேண்டும் என்று தேடி அலைந்தார். அவர் பெயர் தேபான். வயதில் மூத்தவர் என்பதால் நான் மாங் தேபான் என்பேன்; பெண்களானால் ஆலிங். என் பெயர் தோயோங், மோட்டார் சைக்கிளோடு பக்கப் பெட்டி பூட்டிய டிரைசைக்கிள் ஓட்டுகிறவன். அவரையும் அவர் அவசரத்தையும் பக்கப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஊர்ச்சபைக்கும் டவுனுக்கும் போய்ப் போய் என் வண்டியின் செயின் தேய்ந்துபோனது. அந்த எரிச்சலில்தான் இதைச் சொல்கிறேன்.

மாங் தேபான் வாழ்நாளெல்லாம் ஜீப்னி என்கிற ஷேர் ஜீப்பை ஓட்டியவர். சும்மா உட்கார்ந்திருந்தாலும் வலது கால் தானாகப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும். சேர்த்த காசில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு நிலம் வாங்கினார். ஏன் மலிவு என்று அப்போது கேட்கவில்லை. பின்னால் ஆறு. இடப்பக்கம் கான்வென்ட் பள்ளியின் மதில், மேலே கண்ணாடிச் சில்லு. வலப்பக்கம் பாசனக் கால்வாய். முன்னால், ரோட்டுக்கும் அவர் நிலத்துக்கும் நடுவே, குலாஸின் தென்னந்தோப்பு. போக வேண்டுமென்றால் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

அதில் என்ன கஷ்டம் என்பீர்கள். எங்கள் ஊரில் யார் முற்றத்திலும் புகுந்து போகலாம். தலையைக் கொஞ்சம் குனிந்து, “இந்தப் பக்கமாப் போய்க்கிறேங்க” என்று சொன்னால் போதும். வீட்டுக்காரர் “போங்க போங்க, வாங்க சாப்பிடலாம்” என்பார். சாப்பிடப் போகக்கூடாது, போனால் அவர்களுக்கே போதாது. ஆனால் போகாதே என்று யாரும் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது. குலாஸுக்கு அது சுத்தமாகவே தெரியாது. மாங் தேபானின் மூத்த மகனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத் தகப்பனாக நின்றவர் அவர். அன்றிலிருந்து ஒருவரையொருவர் ‘பாரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

அந்த வழியாகவே சிமெண்டும் மணலும் தோளில் சுமந்து மாங் தேபான் ஒரு வீட்டைக் கட்டி முடித்தார். குடிபோகும் சமயத்தில் அவர் மனைவி ஆலிங் பாசிங்குக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு சக்கர நாற்காலி கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து இருவரும் கரோக்கிக் கடைக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் அடைந்து கிடந்தார்கள். காலையில் ஆரம்பித்தால் ஊரில் பாடத் தெரியாதவர்கள் எல்லோரும் அந்தம்மாவின் தலைமாட்டில்தான் பாடுவார்கள்.

குலாஸ் தோப்பு வழியில் சக்கரம் போகாது. முதலில் ஒரு சாக்கடை, அதன் மேல் பாலமாகக் கிடக்கிற ஒற்றைத் தென்னை மரம். அதைத் தாண்டினால் பன்றித் தொழுவத்துக்கும் பலா மரத்துக்கும் நடுவே ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடைவெளி. “நாலு பேரா நாற்காலியோட தூக்கிடலாம்” என்று நான் ஒரு நாள் வாயை விட்டேன்.

“என்னை என்ன மாதா சொரூபம்னு நெனச்சியா, தோளுல வெச்சு ஊர்வலம் போறதுக்கு?” என்றார் ஆலிங் பாசிங். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததே தவிர வார்த்தை கோணவில்லை. “என் வீட்டுக்குள்ள நானே உருட்டிட்டுப் போவேன். ஒருத்தன் கை படக்கூடாது. அதுக்கு வழி பண்ண முடியலன்னா இந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டே செத்துப்போறேன்.”

மாங் தேபானின் வலது கால் பிரேக்கை ஓங்கி மிதித்தது. அன்றே கிளம்பினோம்.

குலாஸ் எடுத்துக்கொள் என்றுதான் சொன்னார். “பாரே, எவ்வளவு அகலம் வேணும்? வண்டியே போற மாதிரி எடுத்துக்கோ” என்றார். ஆனால் தோப்பு அவர் தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா செத்தது யுத்தத்துக்கு முந்தைய கணக்கு. வாரிசுகள் கனடாவில், சவூதியில், ஹாங்காங்கில், ஒருத்தன் ஏதோ கப்பலில். அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வழியுரிமைப் பத்திரம். பத்திரம் இல்லாவிட்டால் மின்சாரமும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. கையெழுத்து வராதென்றால் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கலாம். கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால், எங்கள் ஊரில் சமரசம் செய்து பார்த்தோம், தோற்றுவிட்டோம் என்று ஊர்ச்சபை சான்று கொடுக்க வேண்டும்.

சபைச் செயலாளர் லிக்காயா சின்னப் பெண். நகத்துக்குச் சாயம் காய்ந்துகொண்டிருந்ததால் விரல்களை விரித்து வைத்துக்கொண்டே விசாரித்தாள்.

“தகராறு யாரோட?”

“தகராறு இல்லம்மா. வழி வேணும்.”

“குலாஸ் வழி விட மாட்டேன்னாரா?”

“அவரு எப்படிம்மா அப்படிச் சொல்வாரு? வாங்க சாப்பிடலாம்னாரு.”

“அப்ப வழி இருக்கே.”

“நடக்குறதுக்கு இருக்கு. சட்டப்படி இல்ல.”

“சட்டப்படி வழி வேணும்னா மொதல்ல வழி இல்லாம இருக்கணும், மாங் தேபான். அவரு விட மாட்டேன்னு சொல்லணும், நீங்க போகணும்னு சொல்லணும், நாங்க வேணாம்னு சொல்லணும். அதான் முறை.”

ஆக, எல்லாம் குலாஸ் சொல்கிற ஒரு ‘இல்லை’யில் நின்றது. அதற்கு ஒத்திகை பார்த்தோம். அவர் முற்றத்தில் மாங் தேபான் தலையைக் குனிந்து, “இந்தப் பக்கமாப் போய்க்கிறேங்க” என்றார். குலாஸ் மூச்சை இழுத்துப் பிடித்தார். முகம் சிவந்தது. “போங்க போங்க, வாங்க… ஐயையோ, தப்பு தப்பு. இன்னொரு தரம் கேளு பாரே.”

“பாரேன்னு கூப்பிடாதய்யா! நான் உனக்கு எதிரி.”

“சரி பாரே.”

எத்தனை தடவை கேட்டாலும் அதே கதை. கடைசியில் நான் போய்க் கேட்டேன். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார். பசித்தது, போய் உட்கார்ந்துவிட்டேன்.

விசாரணை நாள் வந்தது. எங்கள் சபை விசாரணை என்றால் லேசுப்பட்டது இல்லை. முதலில் ஜெபம். பிறகு தேசிய கீதம். பிறகு கப்பித்தானின் மைத்துனர் எழுதிய புக்கல் கீதம். வரவேற்புரை. வரவேற்றவரை வரவேற்று ஒரு உரை. அதன் பிறகு சுகாதாரத் தாய்மார்கள் சங்கத்தின் நடனம். ஆளுக்கொரு மஞ்சள் சட்டை போட்டு அவர்கள் ஆடி முடித்தபோது நூடுல்ஸ் வந்து சேர்ந்தது. ஆறிவிடும் என்று அதைச் சாப்பிட்டோம். மாங் தேபானால் உட்கார முடியவில்லை. சுவரோரமாக நடந்துகொண்டே இருந்தார். கப்பித்தான் மைக்கைப் பிடித்தார்.

“அன்பான மக்களே! மத்த ஊர்ல சண்டை வந்தப்புறம் சமரசம் பண்றாங்க. நான் சண்டை வர்றதுக்கு முன்னாடியே பண்ணிடுறேன். போன வருஷம் மார்சியாலோட எருமை அடுத்தவன் வயல்ல மேஞ்சுது. ரெண்டு பேரும் என்கிட்ட வரவே இல்ல. அவங்களுக்குள்ளயே பேசி முடிச்சுக்கிட்டாங்க. விடுவேனா? ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வந்து, உக்கார வெச்சு, எல்லாத்தையும் கிளறி எடுத்து, கை குலுக்க வெச்சு போட்டோ எடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. அவ்வளவு அமைதி!”

கைதட்டல். இந்த வருஷம் மாகாணத்தில் ‘அமைதிக் கிராமம்’ விருது நமக்குத்தான், ஒரு வழக்குகூட நம் கையை விட்டுக் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று வேறு சொன்னார். நான் கைதட்டுவதை நிறுத்தினேன். விருது வேண்டுமென்றால் சான்று கொடுக்க மாட்டார். சான்று கொடுக்காவிட்டால் ஆலிங் பாசிங் கரோக்கிக் கடைக்குப் பின்னால்தான்.

“குலாஸ், நீங்க வழி விட மாட்டேன்னு சொல்றீங்களா?” என்று கேட்டார் கப்பித்தான்.

குலாஸ் எழுந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “ஆமாங்க. விட மாட்டேன்.”

எனக்கு விசில் அடிக்கலாம் போலிருந்தது.

“ஒருக்காலும்?”

“ஒருக்காலும். மழை பெஞ்சா வேற விஷயம், நனைஞ்சுக்கிட்டு நிக்க முடியுமா? இருட்டிடுச்சுன்னாலும் பாவம். பகல்ல… பகல்ல நான் வீட்டுலதானே இருக்கேன், ஒரு குரல் குடுத்தாப் போதும்.”

கப்பித்தான் சுத்தியலால் மேசையை அடித்தார். “சமரசம்!” இருவரையும் கை குலுக்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். இருவர் கழுத்திலும் மாலை. நிறைவு ஜெபம்.

மாங் தேபான் விடவில்லை. சக்கர நாற்காலி போகாது, வந்து பாருங்கள் என்று மனு மேல் மனு போட்டார். சரி என்று நேரடி ஆய்வுக்கு நாள் குறித்தார்கள். அதற்கென்றே ‘வழி ஆய்வுக் குழு’ என்று முதுகில் அச்சடித்த பனியன்கள் தைத்து வாங்கத் தாமதமானது. பனியன் வந்த பிறகு சபையே திரண்டு வந்தது.

ஒவ்வொருவரும் தலையைக் குனிந்து, போய்க்கிறேங்க போய்க்கிறேங்க என்று குலாஸின் முற்றத்தில் நுழைந்தார்கள். குலாஸ் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு நின்றிருந்தார். தின்றார்கள். தென்னை மரத்தின் மேல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டினார்கள். கப்பித்தான் தொந்தியை உள்ளிழுத்து, பலா மரத்துக்கும் தொழுவத்துக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்தார். சட்டையில் பன்றிச் சாணி.

“என் உடம்பே போகுதுன்னா ஊர்ல எவன் உடம்பு போகாது? எழுதிக்கோ லிக்காயா. அகலம், ஒரு கப்பித்தான்.”

லிக்காயா எழுதினாள். ஆய்வறிக்கையின் முடிவுரையை நானே படித்தேன்: ‘குழுவினர் மேற்படி நிலத்தைச் சென்றடைந்தனர். ஆகவே மேற்படி நிலத்துக்கு வழி உண்டு என நிரூபணமாகிறது.’

“நாற்காலி! நாற்காலி போகுமான்னு பாருங்கய்யா!” என்று மாங் தேபான் கத்தினார். நான் ஓடிப்போய் ஆலிங் பாசிங்கை டிரைசைக்கிளில் அழைத்து வந்து, சாக்கடை ஓரத்தில் நாற்காலியோடு இறக்கினேன். நல்ல உடுப்பு உடுத்தி, பவுடர் போட்டு வந்திருந்தார். அந்தம்மா ஆறடி தூரத்திலிருந்த தொழுவத்தைக் காட்டி, “நீங்களே பாருங்க கப்பித்தான்” என்றார்.

கப்பித்தான் பார்த்தார். கண் பளபளத்தது. “இதுக்குத்தான்யா நம்ம ஊர் ஒத்துமை! புடிங்க எல்லாரும்!”

என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் நாலு பனியன்கள் நாற்காலியைத் தூக்கிவிட்டன. “இறக்குங்கடா! டேய், இறக்குங்க!” என்று ஆலிங் பாசிங் இடது கையால் அடித்தார். யாருக்கும் வலிக்கவில்லை. சாக்கடைக்கு மேலே நாற்காலி சாய்ந்தது. குலாஸ் பதறி ஓடி வந்து பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்தார். அப்படியே தொழுவம் வரை போய், இடைவெளியில் மாட்டிக்கொண்டது. கீழே பன்றிகள் மூக்கைத் தூக்கிப் பார்க்க, அந்தம்மா நடுவில் தொங்கினார். கப்பித்தான் கைப்பிடியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். போட்டோ எடுத்த பிறகுதான் இறக்கினார்கள்.

அறைக்கு வந்து சேர்ந்த பிறகு ஆலிங் பாசிங் மாங் தேபானிடம் இவ்வளவுதான் சொன்னார்: “உங்க பாரே கையும் அதுல இருந்துச்சு.”

அடுத்த விசாரணைக்கு நாங்கள் கேட்காமலே கூப்பிட்டார்கள். விருதுக் குழுவினர் மாகாணத் தலைநகரிலிருந்து வந்து பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நிலுவையில் வழக்கு இருக்கக்கூடாது. இந்த முறை நடனம்கூடக் கிடையாது, ஜெபமே ஓட்டமாக ஓடியது.

“அவங்க விழுந்துடப் போறாங்களேன்னுதான் புடிச்சேன் பாரே,” என்றார் குலாஸ்.

“பாரேன்னு சொல்லாதே! அவ தூக்காதேன்னு கத்துறா, உனக்குக் காது எங்க போச்சு? ஊருக்கெல்லாம் நல்லவன், எல்லாருக்கும் சரி சரி. ஒரு இடத்துல, ஒரே ஒரு இடத்துல உன்னால இல்லன்னு சொல்ல முடியல. நீயும் ஒரு மனுஷனா?”

“பாரே, நீ எப்ப வேணாலும் நம்ம தோப்பு வழியா…”

“வேணாம்யா உன் தோப்பு! இனிமே உன் நிலத்துல கால் வெச்சேன்னா என் பேரு தேபான் இல்ல! ஜென்மத்துக்கும் வைக்க மாட்டேன்!”

“எழுதிக்கோ லிக்காயா!” என்று கப்பித்தான் துள்ளினார்.

லிக்காயா மின்னல் வேகத்தில் தட்டினாள். இரண்டே ஷரத்து. ஒன்று, தேபான் மேற்படி தோப்பில் கால் வைக்க மாட்டார். இரண்டு, குலாஸ் அதற்காக வருத்தப்பட மாட்டார். கோபத்தில் மாங் தேபான் பேனாவைக் காகிதம் கிழிய அழுத்திக் கையெழுத்துப் போட்டார். எதையும் மறுத்துப் பழகாத குலாஸும் போட்டார். பக்கத்து அறையிலிருந்து விருதுக் குழு கை துடைத்துக்கொண்டு வந்து கைதட்டியது.

பாதி தூரம் வந்ததும் பக்கப் பெட்டியிலிருந்து குரல் வந்தது. “தோயோங்… நான் இப்ப எதுல கையெழுத்துப் போட்டேன்?”

நான் சொன்னேன். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாளைக்குள் மறுத்தால் ஒப்பந்தம் செல்லாது. அந்தப் பத்து நாளும் ஊர்த் திருவிழா. சபைக்கு விடுமுறை. கதவில் பூட்டும் பூட்டின் மேல் கப்பித்தானின் திருவிழா வாழ்த்துப் பிளெக்ஸும் தொங்கின. பதினோராம் நாள் போனோம். கப்பித்தான் நல்ல மனநிலையில் இருந்தார்.

“இனிமே அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், தேபான். மீறினா தண்டம், மேல ஜெயிலும் உண்டு. நீங்க என்ன கேட்டு வந்தீங்க? சட்டப்படி வழி இல்லன்னு நிரூபிக்கணும்னீங்க. இப்ப சட்டப்படி உங்களுக்கு வழி இல்ல. கேட்டது கெடச்சுதா இல்லையா?”

“அப்ப கோர்ட்டுக்குச் சான்று குடுங்க கப்பித்தான்!”

“தோத்துப்போன சமரசத்துக்குத்தான் சான்று. இது ஜெயிச்ச சமரசம்.”

அறைக்குத் திரும்பி மாங் தேபான் எல்லாவற்றையும் மனைவியிடம் ஒப்பித்தார். வெளியே எவனோ காதல் பாட்டைக் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். ஆலிங் பாசிங் திட்டவில்லை. “கையெழுத்து யாரு போட்டது?” என்று கேட்டார்.

“நான்தான்.”

“நான் போட்டேனா?”

“இல்ல.”

“தோயோங், வண்டிய எடு. கரெண்டு இல்லாட்டி விளக்கு வெச்சுக்குறேன். என் வீட்டுக்கு நான் போறேன்.”

தோப்பு வாசலில் டிரைசைக்கிளை நிறுத்தினேன். குலாஸ் எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடப் பார்த்தார். “குலாஸ்! நில்லுங்க!” என்றார் ஆலிங் பாசிங். “தூக்கத்தான் தெரியுமே உங்களுக்கு. அந்தப் பன்றித் தொழுவத்தைத் தூக்குங்க.”

தொழுவம் காலியாகத்தான் இருந்தது. பன்றிகள் எல்லாம் திருவிழாவில் நெருப்புக்கு மேலே கம்பியில் சுழன்று முடிந்துவிட்டன. குலாஸ் கோடாலியோடு வந்தார். அந்த மனிதர் அப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. வெட்டி, பிடுங்கி, பலகைகளைச் சாக்கடையின் மேல் அடுக்கி ஆணி அடித்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட நிற்கவில்லை.

ஆலிங் பாசிங் இடது கையால் சக்கரத்தைத் தள்ளி, இடது காலால் தரையை உந்தி, கோணல் மாணலாகக் கிளம்பினார். பலகை கிறீச்சிட்டது. தொழுவம் இருந்த இடத்தில் ஒரு சக்கரம் புதைந்தது. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவர் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டேன். முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டித் தானே விடுவித்துக்கொண்டார். வீட்டு வாசலில் படிக்குப் பதிலாக மாங் தேபான் கட்டிவைத்திருந்த சிமெண்டுச் சரிவில் ஏறி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

மாங் தேபான் ரோட்டில் நின்றார். கையில் சோற்றுப் பானை. கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. இரண்டும்தான்.

அந்த நேரம் பார்த்துக் கப்பித்தானின் கார் வந்து நின்றது. அன்று பிற்பகல்தான் டவுனில் விருது விழா. அன்னாசி நார்ச் சட்டை, புது பூட்ஸ், தலையில் எண்ணெய். ஆலிங் பாசிங் குடிபுகுந்த செய்தி எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. பின்னால் லிக்காயா, செல்போனில் பேஸ்புக் லைவ் ஓட்டிக்கொண்டே.

“வெற்றிக் கதை! வெற்றிக் கதை!” என்று பலகைப் பாலத்தைத் தாண்டி நேரே வீட்டு வாசலுக்குப் போனார். மாங் தேபான் அசைந்ததும் கையைக் காட்டினார். “நீங்க அங்கயே நில்லுங்க. ஒப்பந்தம்.” செல்போனைப் பார்த்துச் சிரித்தார். “மக்களே! இந்தத் தாய்க்கு வழி குடுத்தது யாரு? நம்ம சபை!”

“வீட்டுக்காரரு ரோட்டுல நிக்கிறாரே,” என்றார் ஆலிங் பாசிங்.

“அமைதிக்கு ஒரு விலை இருக்கும்மா. நல்லவேளை, இந்தத் தடவை உங்க குடும்பத்தோடயே முடிஞ்சுது.”

கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். தோப்பின் எல்லையில், பலா மரத்தடியில், கோடாலியைக் கீழே வைத்துவிட்டுக் குலாஸ் நின்றிருந்தார். கப்பித்தான் நடந்துகொண்டே, பழக்கதோஷத்தில், “இந்தப் பக்கமாப் போய்க்கிறேன்” என்றார்.

“குலாஸ்,” என்று வாசலிலிருந்து ஆலிங் பாசிங் குரல் வந்தது. “கப்பித்தான் உங்க நிலத்துல போகலாமான்னு கேக்குறாரு. யோசிச்சுப் பதில் சொல்லுங்க.”

குலாஸ் வாயைத் திறந்தார். மூடினார். ரோட்டில் பானையோடு நிற்கிறவரைப் பார்த்தார்.

“வழி இல்லீங்க.”

கப்பித்தான் சிரித்தார். “என்ன?”

“மன்னிச்சுக்கோங்க. விட மாட்டேன்.”

“யோவ், நான் கப்பித்தான்.”

“தெரியுதுங்க. விட மாட்டேன்.” வழியை மறித்து நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

கப்பித்தான் திரும்பிப் பார்த்தார். ஆறு. கண்ணாடிச் சில்லு மதில். கால்வாயில் இடுப்பளவு சேறு. புது பூட்ஸ். தள்ளிவிட்டுப் போகலாம் என்று ஒரு அடி வைத்தார்.

“லைவ் ஓடுது கப்பித்தான்,” என்றாள் லிக்காயா மெதுவாக. “ஊரே பாக்குது. விருதுக் குழுத் தலைவர் ஹார்ட் போட்டிருக்காரு.”

“நிறுத்தித் தொலை! இது அக்கிரமம்! இது… இது தகராறு!”

அந்தக் கடைசி வார்த்தை போவதற்குள் லிக்காயா லைவை நிறுத்திவிட்டாள். “என்ன சொன்னீங்க கப்பித்தான்?” என்று ரோட்டிலிருந்து மாங் தேபான் கேட்டார். “எனக்குச் சரியாக் கேக்கல. தகராறா?”

“உக்காருங்க கப்பித்தான்,” என்றார் ஆலிங் பாசிங். “நம்ம ஊர் முறைப்படி மனு குடுங்க. பனியன் தைச்சு ஆய்வுக்கு வரட்டும். அதுவரைக்கும் இங்கயே இருங்க. கருவாடு இருக்கு. இல்லன்னா எங்களுக்குச் சான்று எழுதிக் குடுத்துட்டுப் போங்க. தள்ளிவிட்டுப் போனா அதுக்குப் பேரும் தகராறுதான்.”

கப்பித்தான் கடிகாரத்தைப் பார்த்தார். எண்ணெய் நெற்றியில் வழிந்தது. லிக்காயாவின் பையில் சான்றுப் படிவம் இருந்தது. சபையில் யாரும் தொடாததால் புத்தம் புதிதாக இருந்தது. சமரசம் தோற்றது, ஒப்பந்தம் ரத்து, இருவரும் கோர்ட்டுக்குப் போகலாம் என்று எழுதி, சக்கர நாற்காலியின் கைப்பிடியில் வைத்துக் கப்பித்தான் கையெழுத்துப் போட்டார். தேதியை மட்டும் மறுநாளாகப் போட்டுக்கொண்டார். அன்று பிற்பகல் நூற்றுக்கு நூறு விருதைக் குறையில்லாமல் வாங்கினார்.

“இப்பப் போங்க கப்பித்தான்,” என்று குலாஸ் ஒதுங்கினார். “நேரம் இருந்தா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு…” கார் கிளம்பிவிட்டது.

மாங் தேபான் பானையோடு ஓடி வந்தார். குலாஸ் பலா மரத்தடியில் சரிந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி விம்மிக்கொண்டிருந்தார். மாங் தேபான் பானையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

“பொறந்ததுலேருந்து ஒருத்தரையும் நான் அப்படிச் சொன்னதில்ல பாரே,” என்றார் குலாஸ். “எவ்வளவு அசிங்கமா இருக்கு தெரியுமா?”

வாசலிலிருந்து ஆலிங் பாசிங் கத்தினார். “அழுது முடிச்சுட்டுச் சாப்பிட வாங்க ரெண்டு பேரும். குலாஸ், ஜட்ஜு முன்னாடி என் வீட்டுக்காரரப் பாத்து அதையே இன்னொரு தடவை சொல்லணும். இப்பவே பழகிக்கோங்க.”